காண்டாக்ஸ் 2ஏ கேமராவின் தோலுறை: சாயம் ஏற்றுவதா, புதிதாக மாற்றுவதா?

கேள்வி: பழம்பெட்டி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் ஹாம்பர்க் துறைமுகத்தில் அவர் வாங்கிய, சைஸ் ஐகான் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் காண்டாக்ஸ் 2ஏ கேமரா இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஷட்டர் வேக எண்கள் எல்லாம் ஒரே கறுப்பு நிறத்தில் இருப்பதால் இது முந்தைய வகை என்று அறிந்தேன். ஷட்டர் இன்னும் ஓடுகிறது, சொனார் வில்லையும் தெளிவாக இருக்கிறது. என் கவலையெல்லாம் மேலே ஒட்டியிருக்கும் தோலைப் பற்றியதுதான்.

பின்புறத்தில் மிளகளவில் பதினொரு புடைப்புகள் இருக்கின்றன. முன்புறத்தில் நான்கு. விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கின்றன, உள்ளே இறங்கவில்லை. ஒரு புடைப்பின் உச்சியில் தோல் விரிந்து, பச்சை நிறத்தில் மெழுகு போன்ற ஒன்று எட்டிப் பார்க்கிறது. வலப்பக்க விளிம்பில் தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கியதால் அடியிலுள்ள பழைய பசை பழுப்புக் கோடாகத் தெரிகிறது. கை படும் இடங்களில் கறுப்பு தேய்ந்து செம்பழுப்பாகிவிட்டது.

தோல் வறண்டிருக்கிறது என்று எண்ணி, சென்ற மாதம் இரண்டு முறை தேங்காய் எண்ணெய் தடவினேன். முதல் நாள் பளபளப்பாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரு மூலை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது.

என் கேள்விகள் இரண்டு. இருக்கும் தோலையே அடர் சிவப்பாகச் சாயம் ஏற்ற முடியுமா? முடியாதென்றால், இதை உரித்துவிட்டுப் புதுத்தோல் ஒட்டுவது வீட்டிலேயே செய்யத்தக்க வேலையா? இணையத்தில் வெட்டி விற்கும் தோல்களைப் பார்த்தேன், ஆனால் என் கையாலேயே செய்ய விரும்புகிறேன்.

பதில் 1: வில்லைக்காரன்

முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தோலின் வழியாக இறங்கிப் பசையை இளக்கியிருக்கிறது என்பது ஒரு கேடு. அதைவிடப் பெரிய கேடு, அந்தப் புடைப்புகளுக்கே நீங்கள் உணவு போட்டிருக்கிறீர்கள் என்பது.

உங்கள் கேமராவில் இருப்பதைச் சேகரிப்பாளர்கள் ‘சைஸ் புடைப்பு’ என்றே அழைக்கிறார்கள். அந்தக் காலச் சைஸ் ஐகான் கேமராக்களில் அவ்வளவு பரவலான நோய் இது. தோலுக்கு அடியில் உள் உறுப்புகளைப் பிடித்து நிறுத்தும் பித்தளை ரிவிட்டுகள் இருக்கின்றன. பித்தளையில் செம்பு இருக்கிறது, தோலில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பிலுள்ள அமிலம் ஈரப்பதத்தின் துணையோடு செம்பைத் தின்று, பச்சை நிற மெழுகுபோன்ற உப்பாக மாறி, ரிவிட்டின் தலைக்கு மேல் குவிகிறது. அது போவதற்கு வழியில்லாததால் தோலை முட்டித் தூக்குகிறது. சைவ சித்தாந்தத்தில் செம்பிலேயே களிம்பு (செம்பில் படியும் பச்சைத் துரு) உடன்பிறந்திருப்பதாக உவமை சொல்வார்கள். இங்கே களிம்பில் பாதி தோலிலிருந்து வந்தது, எண்ணெய் தடவினால் மேலும் வரும்.

ஆகவே நிறத்தைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்குப் போகும் முன்பே தோலைத் தூக்கியாக வேண்டும். களிம்பை உள்ளே விட்டுவிட்டு மேலே சாயமோ புதுத்தோலோ எதைப் போட்டாலும், சில ஆண்டுகளில் அதே இடத்தில் அதே புடைப்பு வரும்.

நல்ல வேளையாகக் காண்டாக்ஸில் பின்புறத் தகடு அடித்தட்டோடு சேர்ந்து முழுதாகக் கழன்று வந்துவிடும். படச்சுருள் மாற்றுவதற்காக அமைத்த இந்த ஏற்பாடு நமக்குப் பெரிய வசதி: கழற்றிய தகட்டில் ஷட்டர் இல்லை, வில்லை இல்லை, தவறு செய்தாலும் கேமரா சாகாது. அங்கிருந்தே தொடங்குங்கள். முன்புறத்தைத் தொடாதீர்கள், அங்கே தோலுக்கு அடியில் திருகுகள் இருக்கின்றன, கரைப்பான் வழிந்தால் உள்ளே போகும்.

முறை இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையால் விளிம்பின் ஓரமாக ஒரு கோடு மட்டும் இழுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். கூர்மையில்லாத, வளையக்கூடிய மெல்லிய தகடு ஒன்றை (நான் ஃபீலர் கேஜ் எனப்படும், இடைவெளி அளக்கும் பழைய தகட்டுக் கருவியின் மிக மெல்லிய இலையைப் பயன்படுத்துகிறேன்) உலோகத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து, தோலைத் தூக்காமல் பசையை மட்டும் அறுப்பதுபோல் நகர்த்துங்கள். அரை அங்குலம் போனதும் மறுபடி ஆல்கஹால். ஒரு பின்புறத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு விரலால் பிடித்து இழுப்பவர்களின் தோல்தான் கிழிகிறது. ஆல்கஹால் தோலின் கறுப்பையும் கரைக்கக்கூடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் ஒரு பஞ்சுக்குச்சியால் சோதித்துப் பாருங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு உள்ள அறையில் செய்யாதீர்கள்.

தோல் எழுந்ததும் பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஆல்கஹால் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, ரிவிட்டின் தலைகளுக்கு மட்டும் தெளிந்த லேக்கர் ஒரு பூச்சு கொடுங்கள். இனித் தோலும் பித்தளையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இது நடந்தபின் எழுதுங்கள்.

பதில் 2: சாலையோரம்

இவ்வளவு பாடு எதற்கு? ஐம்பது ரூபாய்க்குக் கறுப்பு ரெக்சின் வாங்கி ஒட்டினால் பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது. நான் மூன்று கேமராக்களுக்கு அப்படித்தான் செய்தேன்.

பதில் 3: வில்லைக்காரன்

மலிவான மடிப்புக் கேமராக்கள் பல தொழிற்சாலையிலிருந்தே துணியோ காகிதமோ அடியில் கொண்ட போலித்தோலோடு வந்தவை. அவற்றுக்கு ரெக்சின் ஒட்டுவதில் எந்தக் குறையும் இல்லை, அதுவே அவற்றின் இயல்பு. காண்டாக்ஸுக்கு உண்மைத் தோல் போட்டிருந்தார்கள். கடையில் கிடைக்கும் ரெக்சின் பெரும்பாலும் நாற்காலிக்கும் பைக்கும் செய்தது. தடிமனும் மிகுதி, மேலே அச்சிட்ட வரிகளும் கேமராவின் அளவுக்குப் பெரியவை. யானைத்தோலைப் பூனைக்குப் போர்த்தியதுபோல் இருக்கும்.

பழம்பெட்டி

இரண்டு மாலைகள் செலவிட்டுப் பின்புறத் தோலை எடுத்துவிட்டேன். பதினொன்றில் ஒன்பது புடைப்புகளுக்கு அடியில் நீங்கள் சொன்ன ரிவிட்டுகள் இருந்தன. மற்ற இரண்டும் பழைய பசையின் கட்டிகள். பச்சை மெழுகு ஒவ்வொரு ரிவிட்டின் மேலும் சிறு தொப்பிபோல் குந்தியிருந்தது, குச்சியால் நெம்பியதும் முழுதாக எழுந்து வந்தது. எல்லாவற்றையும் துடைத்து லேக்கர் பூசியாயிற்று.

வருத்தமான செய்தி: நான் எண்ணெய் தடவிய மூலையில் தோல் ஊறிப்போய் இரண்டாகக் கிழிந்துவிட்டது. மற்றப் பகுதியின் உட்புறத்தைத் தேய்த்தால் செங்கல் தூள்போல் செம்பொடி உதிர்கிறது, விரலெல்லாம் சிவக்கிறது. மேற்புறம் மட்டும் கறுப்பாக மெலிதாக நிற்கிறது. இந்தத் தோலைக் காப்பாற்ற முடியுமா? சிவப்பு நிற ஆசையை இன்னும் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 4: நூற்கட்டுநர்

நான் கேமரா அறியாதவன். பழைய தோற்கட்டு நூல்களைச் செப்பனிடுவது என் தொழில். ஆனால் நீங்கள் சொல்லும் செம்பொடியை நாள்தோறும் பார்க்கிறேன். மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி, நாளடைவில் தனக்குள்ளேயே கந்தக அமிலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அமிலம் தோலின் நார்களை அறுத்துவிடுகிறது. நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் நூலகங்களில் இது பெருந்தொல்லையாக இருந்தது. உங்கள் தாத்தாவின் கேமரா நீராவிக் கப்பலின் எந்திர அறைக்கு அருகில் எத்தனை ஆண்டு இருந்ததோ!

நார் அறுந்த தோலை மீண்டும் உயிர்ப்பிக்க எந்த எண்ணெயாலும் முடியாது. தண்ணீர் பட்டால் அது கறுத்துக் கெட்டிப்பட்டு ஓடுபோல் ஆகும், ஆகையால் நீர் கலந்த பசைகளையும் அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். நாங்கள் செய்வது, ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்னும் தூளை ஆல்கஹாலில் மிக நீர்த்தாகக் கரைத்து உட்புறத்தில் தடவுவது. அது நார்களுக்கு இடையே புகுந்து பொடியைப் பிடித்து நிறுத்தும், தோலைக் கறுக்கவைக்காது. பிறகு அடியில் மெல்லிய நீள்நார்க் காகிதம் ஒன்றை ஒட்டிக் கிழிசலை இணைக்கலாம். அப்படி நிலைப்படுத்திய தோல், அலமாரியில் வைத்துப் பார்க்கும் பொருளுக்குப் போதும். நாள்தோறும் கையில் பிடித்துப் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் போதாது.

இப்போது சிவப்பு. சாயம் என்பது ஒளி ஊடுருவக்கூடியது. அடியிலுள்ள நிறத்தோடு சேர்ந்தே அது தெரியும். கறுப்பின்மேல் சிவப்புச் சாயம் எத்தனை முறை ஏற்றினாலும் கறுப்பாகவே இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு செவ்வொளி தெரிந்தால் அதுவே மிகுதி. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகலாம், திரும்பி வர வழியில்லை. கறுப்பை மறைத்துச் சிவப்பாக்க வேண்டுமென்றால், மேற்பூச்சை அசிட்டோனால் துடைத்தெடுத்துவிட்டு, ஒளி புகாத அக்ரிலிக் வண்ணம் பூச வேண்டும். அது தோலின் மேல் ஏடாகப் படியும். வரிகளின் பள்ளங்களை நிரப்பும். கட்டைவிரல் படும் இடத்தில் முதலில் உரிந்து, அடியிலிருந்து கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கும். நோயுற்ற தோலில் அசிட்டோன் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

நிறம் ஏற்றுவது சரியான விடையாக இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: தோல் உறுதியாக இருந்து, தேய்ந்த இடங்களில் மட்டும் நிறம் போயிருக்கும்போது. உங்கள் முன்புறம் அப்படி இருக்கக்கூடும். ஸ்பிரிட்டில் கரைந்த கறுப்புச் சாயத்தைத் தூரிகை நுனியால் செம்பழுப்பு இடங்களுக்கு மட்டும் தொட்டு வைத்து, உலர்ந்ததும் மெழுகு ஒரு துளி தேய்த்தால் போதும். பின்புறத்துக்குப் புதுத்தோலே என் முடிவு. ஆனால் கழற்றிய தோலை எறிந்துவிடாதீர்கள்.

பதில் 5: பதனிடும் தொட்டி (ஆம்பூர்)

தோல் வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டோம், ஆகையால் நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் திருச்சியில் இருந்துகொண்டு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையில் ஆட்டுத்தோலைப் பதனிடும் தொழில் உங்கள் ஊரிலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் தலைமுறைகளாக நடந்தது. ஏற்றுமதி வணிகத்தில் அதற்கு ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். சாயம் ஏற்றாத, வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கும் வெள்ளாட்டுத் தோலைக் கேளுங்கள். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளிலும் கிடைக்கும். செருப்பு மேல்தோலுக்கும் சட்டைக்கும் இப்போது பரவலாக விற்பது குரோமியத்தில் பதனிட்டது; அது மென்மையானது, நீரைத் தாங்கும், ஆனால் ரப்பர்போல் இழுபடுவதால் கத்தி வைத்தால் நகரும், வெட்டிய கோடு நேராக நிற்காது. பட்டையில் பதனிட்ட வெள்ளாட்டுத் தோல் அட்டைபோல் வெட்டுப்படும், சாயத்தையும் ஆழமாக வாங்கும். இயற்கையான வரிகளும் நுண்மையாக இருக்கும்.

தோல் ஒன்றை விரித்துப் பாருங்கள். நடுவில் முதுகெலும்பு ஓடிய கோடு தெரியும். அதன் இரு பக்கமும் உள்ள பகுதிதான் இறுக்கமானது. வயிற்றுப் பக்கம் தளர்ந்தும் சுருங்கியும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். முதுகெலும்பின் திசையில் தோல் குறைவாக இழுபடும். கேமராவின் நீளப்பக்கம் அந்தத் திசையில் அமையும்படி வெட்டுங்கள்.

பழைய தோலின் தடிமனை அளந்து, கடைக்காரரிடம் அதே அளவுக்குச் சீவித் தரச் சொல்லுங்கள். சீவும் எந்திரம் இருக்கும் இடத்தில் சில நிமிட வேலை அது. வீட்டில் கத்தியால் சீவினால் ஓரிடம் காகிதமாகவும் ஓரிடம் கட்டையாகவும் வரும்.

சாயம் வெட்டுவதற்கு முன்பே ஏற்ற வேண்டும். இதைப் பலர் மாற்றிச் செய்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்: நனைந்து உலரும்போது தோல் சுருங்கும், அளவாக வெட்டியது அரை மில்லிமீட்டர் குறையும். தேவையைவிடப் பெரிய துண்டாக எடுத்து, ஸ்பிரிட் சாயத்தைப் பழைய பனியன் துணியில் நனைத்து வட்டமாகத் தேய்த்து, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்து நிறம் ஒட்டவில்லை என்று உறுதி செய்தபின் வெட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஈரமான பட்டைத்தோலில் இரும்பு பட்டால் நீலக் கறுப்பாகக் கறை விழும், பிறகு போகாது. துருப்பிடித்த கத்தி, இரும்புத் தூள் கிடக்கும் மேசை எதுவும் அருகில் இருக்கக்கூடாது. கலம்காரித் துணி ஓவியத்தின் கறுப்பு, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரும் கடுக்காயும் சேர்ந்து உண்டாவதை அறிந்திருப்பீர்கள். உங்கள் சிவப்புத் தோலில் அதே வேலை நடந்துவிடக்கூடாது.

பதில் 6: வில்லைக்காரன்

ஆம்பூர் நண்பருக்கு நன்றி. நான் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பழைய தோலை வைத்து வரைந்து வெட்டாதீர்கள். அது ஒரு மில்லிமீட்டர் சுருங்கியதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுருங்கியதை அளவாக வைத்தால் சுருங்கியதுதான் கிடைக்கும். உலோகத்தின்மேல் காகித ஒட்டுநாடாவைப் பரப்பி, விளிம்பை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கோடு துல்லியமாக விழும். நாடாவை உரித்து மெல்லிய அட்டையில் ஒட்டி, வெட்டி, தகட்டில் பொருத்திப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்தபின் அதைக் குப்புறப் போட்டுத் தோலின் உட்புறத்தில் வரையுங்கள். குப்புற என்பதை நினைவில் வையுங்கள். நான் ஒருமுறை நல்ல தோலில் இடவலம் மாறி வெட்டி வீணாக்கியிருக்கிறேன்.

நூற்கட்டுநர்கள் தோலின் விளிம்பை மெலிதாக்கி உள்ளே மடிப்பார்கள். கேமராவில் மடிப்பு இல்லை, தோல் உலோக விளிம்புக்குள் பதிந்து நிற்கிறது. ஆகவே விளிம்பைச் சீவ வேண்டாம். தோலின் முழுத் தடிமனும் அந்த விளிம்பின் உயரத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். மேலே நின்றால் விரல் தட்டித் தட்டி ஓரம் எழும்பும்.

பசைக்கு, செருப்புப் பட்டறையின் மஞ்சள் ரப்பர் பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒட்டியபின் நகர்த்த முடியாது. முதல் முயற்சியில் ஒரு முனை கோணினால் முடிந்தது. தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு வைத்திருக்கும் செதில் அரக்கை ஸ்பிரிட்டில் தேன் பதத்துக்குக் கரைத்துப் பயன்படுத்துவதையே நான் விரும்புகிறேன். ஒரு நிமிடம் நகர்த்தித் திருத்த இடம் கொடுக்கும், அடுத்த தலைமுறையில் யாரேனும் கழற்ற நினைத்தால் ஆல்கஹாலுக்கு இளகும். ஆனால் ஸ்பிரிட் சாயத்தையும் அது கரைக்கும், தோலின் மேற்பக்கத்தில் ஒரு துளியும் படக்கூடாது.

பழம்பெட்டி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

பழைய தோல் என் அளவுகோலில் 0.7 மி.மீ. இருந்தது, வெள்ளாட்டுத் தோலை 0.6 மி.மீ. அளவுக்குச் சீவி வாங்கினேன். பெரிய துண்டில் இரண்டு நிறங்களைச் சோதித்தேன். சிவப்பு, தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்தது. கழற்றாத முன்புறக் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்ததும், வேட்டிக்கு மேல் கோட்டு அணிந்ததுபோல் இருந்தது. முன்புறத் தோல் உறுதியாக இருக்கும்போது நிறப்பொருத்தத்துக்காக மட்டும் அதையும் உரிக்க மனம் வரவில்லை. கறுப்பே ஏற்றினேன். முதலில் அடர் பழுப்பு ஒரு தடவை, அதன்மேல் கறுப்பு இரண்டு தடவை. அதனால் வெயிலில் அது நீலம் பாயாமல் பழைய தோலைப் போலவே சற்றுச் சூடாகத் தெரிகிறது.

அரக்கில்தான் ஒட்டினேன். முதல்முறை மிகத் தடிப்பாகப் பூசிவிட்டதால் வலது ஓரத்தில் பிதுங்கியது. அப்படியே எடுத்து, துடைத்து, மறுபடி மெலிதாகப் பூசி ஒட்டினேன். மெழுகுத்தாள் வைத்து, அதன்மேல் அரிசி நிரப்பிய துணிப்பையை ஓர் இரவு பாரமாக வைத்தேன். வளைவுகளிலும் அரிசி படிந்து ஒரே அளவாக அழுத்தியது. வெட்டிய ஓரங்களில் தோலின் வெளிர் நிறம் நூலிழையாகத் தெரிந்ததை அதே சாயத்தால் தொட்டு மறைத்தேன். மேல் இடது மூலையில் மட்டும் அரை மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது.

முன்புறத்தின் நான்கு புடைப்புகளையும் இப்போதைக்கு விட்டுவைக்கிறேன், தேய்ந்த இடங்களுக்கு மட்டும் சாயம் தொட்டேன். பழைய பின்புறத் தோலைக் காகிதங்களுக்கு இடையில் வைத்து, கேமராவின் பெயரும் கழற்றிய தேதியும் எழுதி, கேமராப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

பதில் 7: வில்லைக்காரன்

அந்த அரை மில்லிமீட்டரை நிரப்ப முயல வேண்டாம். அரக்கில் சிறிது விளக்குக் கரியைக் குழைத்துக் குச்சி நுனியால் கோடாக இட்டால் கண்ணுக்குத் தெரியாது. முன்புறத்து நான்கையும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். உச்சியில் தோல் விரியத் தொடங்கியிருந்தால் காத்திருக்காமல் எழுதுங்கள். எந்தத் திருகை முதலில் மூட வேண்டும் என்பதைப் படத்தோடு சொல்கிறேன்.